கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்து

2000ஆம் ஆண்டு மே 4. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. ‘ஐ லவ் யூ’ என்று தலைப்பு, கூடவே ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி’ என்றொரு இணைப்பு. வெறும் எழுத்துக் கோப்புதானே என்று திறந்தார்கள். அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. கணினியில் இருந்த படங்களை அழித்து, அந்த இடத்தில் வைரஸ் தன் நகலை எழுதியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைத்தது.

அந்தப் பெயர் டிஎக்ஸ்டியோடு முடியவில்லை. பின்னால் ‘.விபிஎஸ்’ என்று இன்னொரு வால் (எக்ஸ்டென்ஷன்) இருந்தது. விண்டோஸுக்குக் கடைசி வால்தான் கணக்கு. டிஎக்ஸ்டி என்றால் நோட்பேடில் காட்டும். விபிஎஸ் என்றால் உள்ளே உள்ள கட்டளைகளை ஓட்டிவிடும். ஆனால் தனக்குப் பழக்கமான வால்களை அது திரையில் காட்டாது. விண்டோஸ் 11லும் இதே கதைதான். இதை ஏன் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்களோ!

இன்று ‘பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்று வருவது ‘பில்.பிடிஎஃப்’ ஆகத் தெரியும். ஐகானும் பிடிஎஃப் மாதிரியே இருக்கும், ஏனென்றால் எக்ஸ்இ என்னும் நிரல் கோப்பின் ஐகான் அதற்குள்ளேயே இருக்கிறது. செய்தவர் வைத்ததுதான் படம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் போட்டால் முழுப்பெயர் தெரியும்.

அதையும் ஏய்க்க ஒரு வழி உண்டு. அரபு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக கணினி எழுத்துகளின் பொதுத் தொகுப்பான யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. பெயரின் நடுவே அதைச் செருகினால், அடுத்துள்ள எழுத்துகள் திரும்பிக்கொள்ளும்: ‘எஃப்டிபி.எக்ஸ்இ’ என்பது ‘எக்ஸ்இ.பிடிஎஃப்’ என்று தெரியும். அப்போதும் டீடெய்ல்ஸ் பார்வையில் ‘டைப்’ என்ற நெடுவரிசை பொய் சொல்லாது. ‘அப்ளிகேஷன்’, அதாவது நிரல், என்றே காட்டும்.

சரி, பார்க்காமலே கிளிக் செய்துவிட்டால்? இணையத்திலிருந்து இறக்கிய கோப்போடு உலாவி ‘ஜோன்ஐடி=3’, அதாவது இணையத்திலிருந்து வந்தது, என்ற சிறு குறிப்பைச் சேர்த்து வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு முறை கொண்ட வட்டில்தான் தங்கும். பெரும்பாலான பென்டிரைவ்களில் இருப்பது எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை. அதில் ஏற்றியதுமே குறிப்பு போய்விடும். நண்பர் பென்டிரைவில் கொடுத்த கோப்புக்கு எச்சரிக்கை வராமல் போவது இதனால்தான். அதை விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டே திறக்க வேண்டும்.