எர்த் பின்னை உடைத்தால் ஹம் நிற்கும், பாதுகாப்பும் போய்விடும்

ஹோம் தியேட்டர் மாட்டிய வீட்டில் சப்வூஃபர் ‘ம்ம்ம்’ என்று உறுமத் தொடங்கினால் (இந்த உறுமல்தான் ஹம்), அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று பின் பிளக்கில் அந்தப் பெரிய எர்த் பின்னை உடைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பின் அடாப்டர் போடுங்கள் என்பார்கள். செய்து பார்த்தால் பல வீடுகளில் சத்தம் உண்மையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த யோசனை இத்தனை வருடங்களாக ஊர் சுற்றுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றோ ஒரு நாள் போய், பேஸ் கம்பி இரும்புப் பெட்டியைத் தொடலாம். எர்த் சரியாக இருந்தால் அந்த நொடியிலேயே ஃப்யூஸ் போகும், அல்லது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. பெட்டி 230 வோல்ட்டோடு அப்படியே இருக்கும், யாராவது கை வைக்கும்வரை. ஆடியோ கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) பெட்டியோடு இணைந்திருப்பதால், அதே 230 வோல்ட் டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் வரை போய்ச் சேரும். ஹம்மை நிறுத்த இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பத்துப் பைசா செலவில்லை.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காதை ஆம்ப்ளிஃபையர் பெட்டியருகே கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் அமைதியாக இருந்து பெட்டி மட்டும் அதிர்ந்தால், அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் தளர்ந்து எழுப்பும் சத்தம். கேபிள் மாற்றுவதால் அது போகாது. ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றால், எந்த வகை என்று கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடிவயிற்றில் உணரும் ஆழ்ந்த ‘ம்ம்ம்’ 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் லூப் (எர்த் கம்பிகளும் கேபிள்களும் சேர்ந்து உண்டாக்கும் மின்வட்டம்), ஷீல்டு அறுந்த கேபிள், அல்லது அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இதற்குக் காரணம். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு வருவது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் வரும் அலை அதுதான் என்பதால், அந்த அலையைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். காதால் பிரிக்க முடியாவிட்டால் மொபைலில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு ஸ்பீக்கர் முன் பிடியுங்கள், எந்த எண்ணில் கூர்மையாக எழுகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து வால்யூம் சோதனை. வால்யூமை முழுவதும் குறையுங்கள். அப்போதும் ஹம் அதே அளவில் இருந்தால், கோளாறு வால்யூமுக்குப் பிந்தைய பகுதியில் இருக்கிறது: பவர் சப்ளை, பவர் ஆம்ப், அல்லது சப்வூஃபருக்குப் போகும் கேபிள். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால், உள்ளே வரும் இணைப்புகளில் ஒன்றுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் சுவிட்ச் ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, மறுபடி போட்டுப் பாருங்கள். ஆஃப் செய்யாமல் ஆர்சிஏ பிளக்கை உருவினால் ‘டொம்’ என்ற ஒரே அடியில் வூஃபர் காயில் போய்விடக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகுவதும் தவறு. எர்த் இல்லாத இரண்டு பின் கருவிகளின் உலோகப் பகுதி பல சமயம் 100 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் சுருக்கென்று கிள்ளுவது அதுதான். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும் இன்புட் ஐசியைக் கெடுக்கப் போதும்.

கேபிளைக் கழற்றும் வரிசையில் முதலில் கைவைக்க வேண்டியது கேபிள் டிவி அல்லது டிடிஎச் ஒயர். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் அந்தக் கோஆக்சியல் ஒயரைக் கழற்றியதுமே சப்வூஃபர் அமைதியாகிவிட்டால், தேடல் முடிந்தது. தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும் கேபிளின் வெளி உறைக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம் உங்கள் ஆடியோ கேபிள் வழியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் இப்படி? ஆம்ப்ளிஃபையர் ஒரு சுவரில், சப்வூஃபர் எதிர்ச்சுவரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் எர்த் கம்பிகளும் தனித்தனி வழியாக மெயின் போர்டுக்குப் போகின்றன. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கசியவிடும் மின்னோட்டம் அந்தக் கம்பிகளில் ஓடுவதால், இரண்டு சாக்கெட்டின் எர்த்துக்கும் இடையில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். நடுவில் ஆர்சிஏ கேபிளைச் செருகியதும் வட்டம் பூர்த்தியாகி, அதன் ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். சிக்னல் திரும்பும் பாதையும் அதே ஷீல்டுதான் என்பதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. வீட்டு ஆடியோவில் லைன் சிக்னல் சுமார் 0.3 வோல்ட். 1 மில்லிவோல்ட் ஹம் கலந்தால் அது சிக்னலுக்கு 50 டெசிபெல்தான் கீழே. வசனமில்லாத காட்சியில் காதில் விழ அது தாராளம்.

எச்டிஎம்ஐ விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ‘எச்டிஎம்ஐ டிஜிட்டல்தானே, அதில் எப்படி ஹம் வரும்?’ என்ற கேள்வி நியாயமானது. அதில் போகும் ஒலிக்குள் ஹம் நுழையாது. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளின் உறை டிவியையும் ரிசீவரையும் (ஹோம் தியேட்டரின் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றாகக் கட்டிவிடுகிறது. கேபிள் டிவி ஒயரிலிருந்து டிவி, டிவியிலிருந்து ரிசீவர், அங்கிருந்து சப்வூஃபர் ஒயர் என்று வட்டம் முழுதாகிறது. ஹம் நுழைவது கடைசியில் இருக்கும் அந்த அனலாக் ஒயரில்.

தீர்வுகளில் எளிமையானதை முதலில் செய்யுங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து, ஒரே ஸ்பைக் பஸ்டர் மூலம் எடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் வரை தாங்கும். சாதாரண வீட்டு செட் அதற்குள் அடங்கும். ஏசியோ அயர்ன் பாக்ஸோ அதில் சேரக்கூடாது. பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீரும். கேபிள் டிவி ஒயர்தான் காரணம் என்றால் கோஆக்சியல் ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு, நேரடி மின் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கருவி) போடலாம். டிடிஎச்சில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மாடியில் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயரில்தான் ஏறுகிறது. ஐசோலேட்டர் அதைத் தடுத்தால் சிக்னலே வராது. அங்கே சப்வூஃபர் ஒயரில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதே வழி. காருக்கென்று விற்கும் மலிவான ஐசோலேட்டர்களில் கோர் சிறியதாக இருப்பதால் ஆழ்ந்த அடி ஒலி (bass) மெலிந்துவிடும். சப்வூஃபருக்கு வாங்கும்போது 20 ஹெர்ட்ஸ் வரை தருமா என்று கேட்டு வாங்குங்கள். டிவியின் ஒலியை மட்டும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோவதென்றால் ஆப்டிகல் கேபிளும், டிஜிட்டலை அனலாக்காக்கும் ஒரு கன்வெர்ட்டரும் போதும். கண்ணாடி இழை போன்ற அந்த ஒயரில் மின்சாரமே போகாது, லூப்பும் இருக்காது.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? வீட்டு எர்த்தையே சோதிக்க வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏசி ரேஞ்சில் பேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் வாக்கில், பேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவில், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் 20, 40 என்று காட்டினால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது எர்த் குழி காய்ந்திருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள். கீசரை ஓடவிட்ட நிலையிலும் சரியாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருக்கக்கூடும். அப்படிச் செய்தால் வீட்டின் கரண்ட் எர்த் கம்பியில் ஓடும். ஹம் கூடும், நியூட்ரல் அறுந்த அன்று எல்லா இரும்புப் பெட்டிகளும் ஷாக் அடிக்கும்.

‘ஜ்ஜ்ஜ்’ என்று கூர்மையாக வரும் சத்தம் வேறு கதை. ஃபேன் வேகத்தை மாற்றும்போது அந்தச் சத்தமும் மாறினால், திருகும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள். கரண்ட் போனபோது மட்டும் வந்தால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் சார்ஜர்.

அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்களில் ஹம் பெரும்பாலும் ஒயரிங்கில் பிறக்கிறது. 1 ஆம்பியர் இழுக்கும்போது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சிற்றலை (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) தோராயமாக 10 வோல்ட், 4700-இல் 2 வோல்ட், 10,000-இல் 1 வோல்ட். ஆனால் கெப்பாசிட்டரை ஏற்றிக்கொண்டே போயும் ஹம் போகாதவர்கள் கிரவுண்டைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்புக்கும் (சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர்) ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கும் இடையில் உள்ள ஒயரில் பெரிய மின்துடிப்புகள் ஓடுகின்றன. இன்புட் கிரவுண்டை அந்த ஒயரில் எங்கே பிடித்தாலும் 100 ஹெர்ட்ஸ் சிக்னலில் ஏறும். நடுப்புள்ளியிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து, அதன் முனையில் ஸ்பீக்கர், போர்டு, இன்புட் எல்லாக் கிரவுண்டையும் சேருங்கள். ஆர்சிஏ சாக்கெட் பெட்டியைத் தொடாதபடி வாஷர் போடுங்கள். வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடலைப் பெட்டியோடு இணைத்து, அதற்குப் போவது ஷீல்டு ஒயராக இருக்கட்டும். மெயின்ஸ் எர்த் பெட்டியில் நேரடியாகத் திருகப்பட வேண்டும். சிக்னல் கிரவுண்டு மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டிக்கு வரலாம். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு பெரிய டயோடுகள் கட்டாயம். கோளாறு வந்தால் கரண்ட் போக வழி அவைதான்.

பழைய செட்டில் போட்டவுடன் ஹம் அதிகமாக இருந்து, சூடானபின் குறைந்தால் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. மாற்றுமுன் பிளக்கைக் கழற்றி, 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் கால்களில் அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகே கை வையுங்கள்.

கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர். திருகாமல் ஒயரை மட்டும் இணைத்து, இன்புட் போர்டிலிருந்து எட்ட வைத்து, ஆஃப் செய்து ஆஃப் செய்து சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். ஹம் மிகக் குறையும் கோணத்தில் முடுக்குங்கள். வளைய வடிவ டோராய்டல் என்றால் நடுவில் போகும் போல்ட் பெட்டியின் அடித்தகட்டை மட்டுமே தொட வேண்டும். மேல் மூடியையும் தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட்டான ஒரு சுற்றாகி, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.