அழிந்த கட்டமும் நிற்கும் நட்சத்திரமும்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே எட்டு முனை நட்சத்திர வடிவில் துளையிட்ட ஜாலித் தடுப்பு வைக்கிறோம். பாட்டியின் தேக்கு ஊஞ்சல், இரும்பு பீரோ, வாசலில் கோலம் எல்லாம் உள்ள வீட்டில் அது ஒட்டுமா?"

ஒட்டும். ஏன் என்று வரைந்தே பார்த்துவிடலாம்.

எண்கோணங்களை அடுக்கி, இடையில் சதுரங்களை வையுங்கள். மூலையில் 135, 135, 90 சேர்ந்து 360 டிகிரி, இடுக்கே விழாது. இனி ஒவ்வொரு விளிம்பின் நடுப்புள்ளியிலும் ஒரே சாய்வில் பெருக்கல் குறி போடுங்கள். அதன் கால்களை இருபுறமும் நீட்டி, பக்கத்து விளிம்பின் காலைத் தொட்டதும் நிறுத்துங்கள். எண்கோணத்துக்குள் எட்டு முனை நட்சத்திரம் பூத்துவிடும். பென்சில் கட்டங்களை அழித்தாலும் கோடு எங்கும் அறுபடாது. விளிம்பைத் தாண்டும் இடத்தில் அது வளையாமல் நேரே அடுத்த கட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. எனக்கு இதில் தீராத மயக்கம். நம் சிக்குக் கோலத்தில் புள்ளி கடைசிவரை நிற்கும். இங்கே வழிகாட்டிய கட்டமே காணாமல் போகிறது.

அந்தக் கட்டங்களை, ஆக்ரா அருகே உள்ள முகலாயர் நகரமான ஃபதேபூர் சிக்ரியின் ஒரு குளியல் மண்டபச் சுவரில் மெல்லிய கீறல்களாகக் கண்டவர், ஆக்ராவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஹான்கின். கங்கை நீரில் காலரா கிருமி மடிவதை 1896-இல் எழுதியவரும் அவரே. அவருடைய வடிவ ஆய்வை 1925-இல் இந்தியத் தொல்லியல் துறை அச்சிட்டது. வட ஆற்காட்டின் பழைய பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் உள்ள இத்தகைய வேலைகளை அளந்து பதிவு செய்ய, ஒரு மாணவருக்கு ஓராண்டு உதவித்தொகை தரக்கூடாதா?

பெருக்கல் குறியின் கால்கள் இருபுறமும் ஒரே அளவு சாய்வதால் வடிவம் கண்ணாடிச் சமச்சீர் உடையது. ஹாலிலிருந்து பார்த்தாலும் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தாலும் ஒன்றே. தலைகீழாக வைத்தாலும் மாறாது. அதனால் அது ஊஞ்சலோடும் பீரோவோடும் போட்டி போடாது. ஒரு தடுப்பு போதும். தரையை வெறுமையாக விடுங்கள்.

கவனம் வேண்டியது வெட்டும் இடத்தில். காட்பாடியில் எங்கள் வீட்டுத் தடுப்பைச் சுவர் அளவுக்கே அறுத்துவிட்டார்கள். ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு நட்சத்திரம் நிற்கிறது, உள்ளே வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது. உங்கள் இடைவெளி 100 அங்குலம், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் 12 அங்குலம் என்றால், எட்டு முழு நட்சத்திரங்கள் 96 அங்குலம். மீதி நான்கை, பக்கத்துக்கு இரண்டாகத் தேக்குச் சட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.