ஸ்பாய்லர்: எதைக் கெடுக்கிறது?

படம் பார்க்காதவனிடம் முடிவைச் சொல்லிவிட்டால் அது ஸ்பாய்லர். காரின் டிக்கிமேல் முளைத்து நிற்கும் அந்தத் தகடும் ஸ்பாய்லர்தான். இரண்டும் ஒரே சொல்லா என்றால், ஆமாம், ஒரே சொல்தான், கெடுப்பது என்று பொருள். முதலாவது கதையின் சுவையைக் கெடுக்கிறது, இரண்டாவது எதைக் கெடுக்கிறது என்று கேட்டால் காரின் அழகைத்தான் என்று சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களிடம் அப்புறம் வருவோம்.

வேர் லத்தீன். ஸ்போலியம் என்றால் விலங்கிலிருந்து உரித்த தோல், அப்படியே போரில் விழுந்தவனிடமிருந்து உருவிய கவசமும் ஆயுதமும். கொள்ளையடிப்பதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மெல்ல மெல்லப் பாழாக்குவதைக் குறிக்க ஆரம்பித்தது. அதை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் விமானக்காரர்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால், விமானம் தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேல்பக்கத்தைப் பாருங்கள், நாலைந்து தகடுகள் சட்டென்று எழுந்து நிற்கும். இறக்கைமேல் வழுக்கிக்கொண்டு போகும் காற்றோட்டத்தை அவை குலைத்துவிடும், தூக்கும் விசை போய்விடும், எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கும், பிரேக் பிடிக்கும். ஆகக் கெடுவது காற்றோட்டம்.

காரிலும் அதே வேலைதான். கூரையின் வளைவில் காற்று வேகமாக ஓடும்போது மேலே அழுத்தம் குறைகிறது, கார் லேசாகத் தூக்கப்படுகிறது, பின்சக்கரம் பிடியை இழக்கிறது. இந்த விசை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும், அதாவது 60 கிலோமீட்டரில் இருப்பது 120-இல் நான்கு மடங்கு. நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு ஸ்பாய்லர் அலங்காரம் மட்டும்தான், இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டிக்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் உதடு மாதிரியானதுதான் ஸ்பாய்லர். இரண்டு கால் ஊன்றி உயரத்தில் நின்று, மேலும் கீழும் காற்றுப் போக வழிவிடுவது விங், விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது. முன்னது தூக்கலைக் குறைக்கும், பின்னது காரைக் கீழே அமுக்கும். பேச்சில் இரண்டையும் ஸ்பாய்லர் என்றே சொல்கிறோம், கடைக்காரரும் அப்படித்தான் விற்கிறார்.

ரசனை புரண்ட கதைக்கு என் பிடித்தமான உதாரணம் அமெரிக்காவின் பிளைமவுத் சூப்பர்பேர்ட். 1970-இல், கார்ப்பந்தய விதிக்காகப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டிய கார், பின்னால் ஆளுயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று தோன்றும்படி ஒரு விங். வாங்க ஆளில்லை. சில விற்பனையாளர்கள் அந்த விங்கையும் நீள மூக்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண காராக மாற்றித் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு ஏலத்தில் அந்தக் காருக்கு மதிப்பே அந்த விங்குதான்! எதிர்ப்பக்கம் ஜெர்மன் கார் ஆடி டிடி. 1998-இல் வந்தபோது பின்பக்கம் வழவழவென்று, எந்தத் தகடும் இல்லாமல், வடிவமைப்பாளர்கள் கொண்டாடிய முதுகு. அதிவேகத்தில் கட்டுப்பாடு இழந்து விபத்துகள் நடந்தபின் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, சின்ன ஸ்பாய்லர் ஒன்றும் வைத்துக் கொடுத்தார்கள்.

காரை இஷ்டப்படி மாற்றியமைக்கும் மாடிஃபிகேஷன் ஆட்களிடம் ரசனை அலை அலையாக மாறியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சின்ன முன்சக்கர இயக்கக் காரில்கூட அலுமினிய விங், துணி காயப்போடலாம் போல. அதன் கனத்தைத் தாங்காமல் டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ராட் தளர்ந்து, பை எடுக்கக் குனிந்தவர் தலையில் கதவு இறங்கும். எனக்கே இறங்கியிருக்கிறது, கார் நண்பனுடையது. அப்புறம் எல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு, காரைத் தாழ்த்தி, ஒரு விரல் உயர உதட்டை இருபக்க டேப்பில் ஒட்டும் காலம். அதற்குமேல் வாத்துவால் திரும்பியது, 1972-இல் போர்ஷே கரெரா ஆர்எஸ் கொண்டுவந்த அதே மேல்நோக்கி வளைந்த வால். இப்போது கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததோ என்று பார்ப்பவர் சந்தேகப்பட வேண்டும், அதுதான் பெருமை. நடுவில் 90-களின் டொயோட்டா சுப்ராவுக்கு ஒரிஜினல் விங் தேடி அலைகிறவர்களும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? காற்றுத்தடுப்பு என்று எழுதுகிறார்கள், அது தப்பு, காற்றை அது தடுக்கவில்லை, ஓட்டத்தைத்தான் கலைக்கிறது. காற்றுக்கெடுப்பி என்றால் காற்றே மாசாகிவிட்டது போலிருக்கும். அணி குலைந்தது, நிலை குலைந்தது என்கிறோமே, அந்தக் ‘குலை’தான் இங்கே பொருந்துகிறது. இணைப்பி, குறைப்பி வரிசையில் காற்றோட்டக் குலைப்பி, சுருக்கமாகக் குலைப்பி. விங்குக்குக் கவிழ்சிறகு என்பது என் சிபாரிசு. இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது, ‘குலைப்பியா, உன் கார் நாயா?’ என்று கேட்டான். நாய் குரைக்கும், குலைக்காது என்று அவனுக்குத் தனியாக ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.