வாங்கும் முன் ஒரு தெர்மாகோல் கட்டை

என் சர்வீஸ் மேசையின் இழுப்பறையில் ஒரு தெர்மாகோல் கட்டை கிடக்கிறது. நீளம் 277 மில்லிமீட்டர், அகலம் 120, தடிமன் 52. முதன்முதலில் அதைப் பழைய டிவி அட்டைப்பெட்டியில் வந்ததிலிருந்து வெட்டி எடுத்தேன். சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்டில் வாட்டர் கூலிங், அதாவது புராசஸரின் சூட்டைத் தண்ணீரால் இறக்கும் ஏற்பாடு, போட வேண்டும் என்று யார் வந்தாலும், ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் அதைத்தான் வெளியே எடுப்பேன்.

போன மே மாதம் ஒரு தம்பி வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதச் சம்பளம் சேர்த்து வைத்து, ரிச்சி தெருவில் பாதியும் ஆன்லைனில் பாதியுமாக எல்லாப் பாகங்களையும் வாங்கிவிட்டிருந்தான். ஒரு பையில் 11 லிட்டர் கொள்ளளவுள்ள கேபினெட், இன்னொரு பையில் 240 லிக்விட் கூலர். "எல்லாம் வாங்கிட்டேண்ணா, மாட்டிக் குடுத்தா போதும்" என்றான். கூலரைக் கையில் எடுத்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டர் மட்டுமே 38 மி.மீ. தடிமன். அதன் மேல் 25 மி.மீ. ஃபேன். மொத்தம் 63. அந்தக் கேபினெட்டின் மேல்பகுதியில் இருந்த இடமோ 55 மி.மீ.கூட இல்லை.

"240 சப்போர்ட்னு பெட்டியிலேயே போட்டிருக்கேண்ணா?"

போட்டிருந்தது உண்மைதான், பொய்யும் இல்லை. 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வரும் நீளம், அவ்வளவுதான். ரேடியேட்டரின் இரு முனையிலும் தண்ணீர் திரும்பும் பகுதி இருப்பதால் அசல் நீளம் 275, 280 வரைக்கும் போகும். தடிமனைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தை சொல்வதில்லை. லிக்விட் கூலர்களில் பெரும்பாலானவை 27 மி.மீ. ரேடியேட்டரோடு வருகின்றன. 27உம் 25உம் சேர்ந்து 52. என் தெர்மாகோல் கட்டையின் கணக்கு இதுதான். 15 மி.மீ. மெல்லிய ஃபேன் மாட்டி இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். மாட்டலாம். ஆனால் தடித்த ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ள மெல்லிய ஃபேனுக்குத் திராணி போதாது. அதிக வேகத்தில் ஓட்ட வேண்டும், ஓட்டினால் ராத்திரி நேரத்தில் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

கட்டையை வெறும் கேபினெட்டில் வைத்துப் பார்த்தாலும் போதாது. மதர்போர்டு, ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், அதிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அப்புறம் வைத்துப் பார்க்க வேண்டும். சின்ன கேபினெட்டுக்கான மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 மி.மீ.க்கு 170 மி.மீ. சதுரம். அதற்குள் எல்லாக் கனெக்டரும் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். விளக்கு மின்னும் ராம் வாங்கியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். சாதாரண ராம் 31, 32 மி.மீ. உயரத்தில் அடங்கிவிடும். அலங்கார ராம் 50ஐத் தாண்டுவதும் உண்டு. ரேடியேட்டரின் அடியில் அது முட்டும். முட்டினால் ராமைத்தான் மாற்ற வேண்டும், அதுவும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால்.

டியூபை யாருமே அளப்பதில்லை. புராசஸர் மேல் உட்காரும் பம்பையும் ரேடியேட்டரையும் இணைக்கும் டியூப் சுமார் 40 செ.மீ. இருக்கும், பெரிய கேபினெட்டை மனதில் வைத்துச் செய்தது. சின்னதில் அதை வளைத்து எங்கேயாவது ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கிய இடத்தில் கிராபிக்ஸ் கார்டின் முதுகோ, பக்கவாட்டுக் கண்ணாடியோ இருக்கும். "கொஞ்சம் அழுத்தினா மூடிக்குது" என்று ஒரு கேபினெட்டைப் பற்றி யாராவது சொன்னால், உள்ளே ஏதோ ஒன்று நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நசுங்குவது டியூபாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் குறையும். புது கார்டுகளில் வரும் 16 பின் பவர் கனெக்டராக இருந்தால் அது இன்னும் மோசம். அந்த கேபிளைக் கனெக்டரிலிருந்து 35 மி.மீ.யாவது நேராக விட்டு அப்புறம்தான் வளைக்க வேண்டும். கார்டின் அகலத்தோடு இந்த 35ஐயும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேபினெட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

இனி நான் செய்த தப்பு ஒன்று. ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு வாடிக்கையாளருக்குச் சின்ன கேபினெட்டில் மேலே இடம் போதவில்லை என்று ரேடியேட்டரை அடிப்பகுதியில் படுக்க வைத்து மாட்டிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. சோதித்தேன், வெப்பநிலையும் சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து போன் செய்தார்: "சார், கம்ப்யூட்டருக்குள்ள யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் கேக்குது." கொண்டுவரச் சொன்னேன். ஆன் செய்ததும் புராசஸர் 90 டிகிரியைத் தொட்டது. பம்பிலிருந்து சளசள என்று சத்தம். ஒரு யோசனை தோன்றி, கேபினெட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தேன். சத்தம் நின்றது. இரண்டு நிமிஷத்தில் வெப்பநிலை மளமளவென்று இறங்கியது.

நடந்தது என்னவென்றால், மூடி முத்திரையிட்ட கூலராக இருந்தாலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கவே செய்யும். ரப்பர் டியூபின் வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் ஆவியாகக் கசிந்து போகப் போக அந்தக் காற்று கூடிக்கொண்டே வரும். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். ரேடியேட்டர் அடியிலும் பம்ப் மேலேயும் இருந்தால் காற்று சேரும் இடம் பம்பாகிவிடுகிறது. பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே போய் ஒதுங்கிவிடும், யாருக்கும் தொந்தரவில்லை. அந்த வாடிக்கையாளருக்கு என் செலவில் வேறு கேபினெட் போட்டுக் கொடுத்தேன். "அடிப்பகுதியில் 240 பொருந்தும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அந்தக் கொப்பளிக்கிற சத்தம்தான் ஞாபகம் வருகிறது. கேபினெட்டைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பயன்படுத்தலாம் என்று விற்பார்கள். உங்கள் மேசையில் அது எப்படி இருக்கப் போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நிலையில் பம்ப் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

அடுத்தது சூடு. வாட்டர் கூலிங் போட்டால் பெட்டி ஜில்லென்று இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. தண்ணீர் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகும், அவ்வளவுதான். அறைக் காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு அது போக வழியே இல்லை. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை 35 டிகிரி. ரேடியேட்டர் வழியே போகும் காற்றே அந்தச் சூட்டில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குமேல் கிராபிக்ஸ் கார்டு. ரைசன் 7 7800எக்ஸ்3டி மாதிரி ஒரு புராசஸர் கேம் ஓடும்போது பெரும்பாலும் 80 வாட்டுக்குள் இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் 220 வாட். 80 வாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, 220 வாட் வெளியே போக வழி வைக்காமல் கேபினெட் வாங்குகிறோம். கார்டு கக்கும் வெப்பக்காற்று மேலே ஏறி ரேடியேட்டருக்குள்தான் நுழையும். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டும். பல பம்புகளுக்கு 60தான் எல்லை.

அதனால் கார்டு எங்கிருந்து காற்று இழுக்கிறது என்று பாருங்கள். சாண்ட்விச் அமைப்பு என்பார்கள்: மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு. கார்டு தன் பக்கத்து வலைத் தகட்டின் வழியாக வெளிக்காற்றை நேரடியாக இழுத்துக்கொள்ளும். லியான் லி ஏ4-எச்2ஓ இப்படிப்பட்டது: 11 லிட்டர், மேலே 240 ரேடியேட்டருக்கென்றே இடம் விட்டுச் செய்தது. தண்ணீர்தான் வேண்டும், பெட்டியும் சின்னதாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு இந்த மாதிரி அமைப்பைத்தான் காட்டுகிறேன். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த சின்ன கேபினெட்டை நான் காட்டுவதில்லை. கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், மனசில்லாமல்.

சாண்ட்விச் அமைப்பில் கார்டை மதர்போர்டோடு இணைப்பது ரைசர் கேபிள். கார்டு பேசும் இணைப்புக்குப் பிசிஐஇ என்று பெயர்; அதன் 4ஆம் தலைமுறை கார்டை பழைய 3ஆம் தலைமுறை ரைசரில் மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்பதுண்டு. கார்டு போய்விட்டது என்று பதறிப்போய் வருவார்கள். பயாஸ் என்ற மதர்போர்டு செட்டிங்கில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை 3 என்று மாற்றினால் படம் வந்துவிடும். வேறொன்றும் இருக்கிறது. 2020இல் வந்த என்இசட்எக்ஸ்டி எச்1 கேபினெட் நல்ல யோசனையில் செய்தது. 140 லிக்விட் கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ளே மாட்டியே வரும், இந்தக் கட்டுரையில் நான் புலம்பும் அளவுக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் ரைசரைப் பிடிக்கும் இரண்டு திருகுகள் அதன் சர்க்யூட் போர்டில் ஷார்ட் உண்டாக்கித் தீப்பற்ற வாய்ப்பிருக்கிறது என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 கேபினெட்டுகளைத் திரும்ப அழைத்தார்கள். தண்ணீர் கசியுமோ என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்குப் பிரச்சினை ஒரு திருகிலிருந்து வந்தது. செகண்ட் ஹேண்டில் அந்தப் பழைய மாடல் மலிவாகக் கிடைத்தால், ரைசரை மாற்றிவிட்டார்களா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தனித்தனியாக பம்ப், புராசஸர் மேல் உட்காரும் பிளாக், டியூப் வாங்கிக் கஸ்டம் லூப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 15 லிட்டருக்குக் கீழே நான் அதைக் கையில் எடுப்பதில்லை. ஒரு ராமை மாற்றக்கூட மொத்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டியிருக்கும். வடிக்கும் குழாய்க்கு இடமே இருக்காது. செப்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்து வாங்கி வருகிறவர்களும் உண்டு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை ஊற்றினால் போதாதா என்றும் கேட்பார்கள். ஆர்.ஓ. தண்ணீருக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசி தடுக்கும் மருந்தும் அதில் இல்லை, சில மாதத்தில் டியூப் பச்சை பூத்துவிடும்.

பாதிப் பேரிடம் நான் கேட்கும் கேள்வி, தண்ணீர் எதற்கு என்பதுதான். கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி 18 லிட்டர் கேபினெட்டில் 150 மி.மீ. உயர டவர் கூலர், அதாவது தண்ணீர் இல்லாமல் ஃபேன் காற்றிலேயே ஆறும் கூலர், நிற்கும். 80 வாட் புராசஸருக்கு அது போதும். பம்ப் இல்லை, கொப்பளிப்பு இல்லை, ஐந்து வருஷம் கழித்துத் தண்ணீர் குறைந்துவிட்டதா என்ற கவலை இல்லை. ஏழு லிட்டர் கூடுவது மேசையில் கண்ணுக்குத் தெரியாது. வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் என்று மணிக்கணக்கில் புராசஸரை 150 வாட்டுக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டு வருகிறவர்களில் பலர் போட்டோவில் பார்த்த அழகுக்காகக் கேட்கிறார்கள்.

அந்தத் தம்பி என் பேச்சைக் கேட்கவில்லை, தண்ணீர்தான் வேண்டும் என்றான். தடித்த கூலரைத் தன் அண்ணனின் பெரிய கேபினெட்டுக்குத் தள்ளிவிட்டு, 27 மி.மீ. ரேடியேட்டர் உள்ளதை வாங்கி வந்தான். மாட்டி முடித்தபோது ரேடியேட்டருக்கும் ராமுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைய மறுத்தது, ஒரு தாள் நுழைந்தது. போகும்போது, இதே கேபினெட் வாங்கப்போகும் நண்பன் ஒருவனுக்குக் காட்ட வேண்டும் என்று தெர்மாகோல் கட்டையை இரவல் கேட்டான். கொடுத்தேன். மூன்று மாதமாகத் திரும்பி வரவில்லை. இப்போது இழுப்பறையில் கிடப்பது புதிதாக வெட்டியது, ஃப்ரிட்ஜ் பெட்டித் தெர்மாகோல்.