விழும் உடலைத் திருப்ப எத்தனை நொடி வேண்டும்?

2022 அக்டோபர் 10 இரவு, கேன்சஸ் சிட்டி மைதானத்தில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரர், டெரெக் கார் பந்தை எறிய ஆயத்தமாக நிற்கிறார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த எதிரணியின் கிறிஸ் ஜோன்ஸ் அவர் கையிலிருந்தே பந்தைப் பறித்துவிடுகிறார். இருவரும் சேர்ந்து சாய்கிறார்கள். ஜோன்ஸின் ஒரு கையில் பந்து. மறு கை தரையில் ஊன்றுவதற்கு நீள்கிறது. அப்போது மஞ்சள் கொடி விழுந்தது, குற்றம் நடந்தது என்று நடுவர் காட்டும் அடையாளம். ஜோன்ஸ் தம் முழு எடையோடும் டெரெக் காரின் மேல் விழுந்தார் என்பது நடுவரின் தீர்ப்பு. பந்தைப் பறிகொடுத்த அணிக்கே பந்து திரும்பியது, 15 கெஜ முன்னேற்றத்தோடும் புதிதாக நான்கு முயற்சிகளோடும்.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தக் குற்றத்துக்கு ‘ரஃபிங் தி பாசர்’ என்று பெயர். பந்து எறிபவரை அளவுக்கு மீறித் தாக்குவது என்று பொருள். இதைப் பற்றிப் பேசும் ரசிகர்களில் பெரும்பாலோர் நடுவரின் கண்ணைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டையின் வேர் உடல் இயங்கும் விதத்தில் இருக்கிறது.

எறிகிற நொடியில் குவார்ட்டர்பேக்கின் உடலைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடக்கால் முன்னே ஊன்றியிருக்கும். இடுப்பு முதலில் திரும்பும், தோள் அதைத் தொடரும், கை தலைக்கு மேலே உயரும், விலாப்புறம் முழுதாகத் திறந்து கிடக்கும். கண்கள் இருபது, முப்பது கெஜம் தள்ளி ஓடும் சகவீரரின் மேல். அடி வருவது தெரிந்தால் கழுத்தையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு தாங்கலாம். இவருக்கோ அது தெரியாது. மைதானத்தில் இவருக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த நிலையே பதில்.

எதிரே வருபவரின் நிலையும் எளிதல்ல. 120 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து கையை விட்டுப் போனதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் தசைக்கு உத்தரவு போய்ச் சேரவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும். அதற்குள் அவர் 1.4 மீட்டர் வந்துவிடுவார், அதாவது ஏறத்தாழ ஓர் எட்டு. பந்து போன பிறகு ஓர் எட்டு வைக்கலாம், அடுத்த எட்டில் மோதினால் குற்றம் என்கிறது விதி. மனித நரம்பு எவ்வளவு விரைவாக இயங்க முடியுமோ அதற்கு இசைவான விதி இது.

முழங்கால் விதியும் அப்படித்தான். 2008 செப்டம்பர் 7 அன்று குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இடக்காலை ஊன்றி எறிந்துகொண்டிருந்தபோது, தரையில் கிடந்த பெர்னார்ட் போலார்ட் அந்தக் காலை நோக்கிப் பாய்ந்தார். ஷூவின் ஆணிகள் தரையைப் பற்றியிருந்ததால் பாதம் நகரவில்லை. நகர முடியாத விசை முழுவதையும் மூட்டுதான் வாங்கியது. முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. அந்த சீசனில் பிரேடி மீண்டும் ஆடவில்லை. தரையில் விழுந்தவர் எறிபவரின் கால்மீது பாய்வதை அடுத்த ஆண்டே விதி தடுத்தது. நியாயமான தடை. பாய்வதா வேண்டாமா என்று அந்த ஆட்டக்காரரால் தீர்மானிக்க முடியும்.

எடை விதியில்தான் சிக்கல். 2017 அக்டோபரில் ஆன்டனி பார் மோதி விழுத்தியதில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் வலது காரை எலும்பு முறிந்தது. முழு எடையோடு மேலே விழக் கூடாது என்பது விதிநூலில் முன்பே இருந்த வாசகம்தான். 2018 முதல் அதைக் கண்டிப்பாகப் பார்க்கும்படி நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது. காரணம் வலுவானது. 140 கிலோ உடல் 70 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரி விசை அந்த எடையைப் போல ஏழெட்டு மடங்கு, ஏறக்குறைய ஒரு டன். நடுவில் இருப்பது இன்னொரு மனிதனின் மார்பு.

ஆனால் அந்த 70 சென்டிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம் 0.4 நொடிக்கும் குறைவு. அதில் பாதியை மூளையே எடுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள நேரத்தில், கால் தரையில் ஊன்றாமல், இன்னொருவரைக் கட்டிப்பிடித்தபடி உடலைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தரையிலிருந்து கால் எழும்பிவிட்டால் உடலின் பாதை அநேகமாக முடிவாகிவிட்டது; உந்தித் திசையை மாற்ற எதுவும் இல்லை. சில சமயம் முடியும், பல சமயம் முடியாது.

விதிநூலோ சந்தேகம் வந்தால் கொடியை எறி என்று நடுவருக்குத் தெளிவாகவே சொல்கிறது. எந்தச் சோதனையிலும் இப்படித்தான்: ஓர் உண்மையான குற்றத்தைக்கூடத் தப்பவிட மாட்டேன் என்று வரம்பைத் தாழ்த்தினால், குற்றமற்றவர்கள் சிலரும் சேர்ந்தே அகப்படுவார்கள். ஜோன்ஸ் மேல் விழுந்த கொடி நடுவரின் கண் தவறியதால் விழுந்ததல்ல. வரம்பு அங்கே வைக்கப்பட்டிருந்ததால் விழுந்தது.

வீடியோவைத் திரும்பப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்பவர்கள் உண்டு. 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அப்படியொரு திருத்தம் கொண்டுவந்தது, நிறைவேறவில்லை. தலையில் பட்டதா இல்லையா என்று பார்க்க வீடியோ உதவும். எடை விஷயத்தில் அதை நான் நம்ப மாட்டேன். ஒரே செயலை மெதுவாக ஓட்டிக் காட்டினால் அது வேண்டுமென்றே செய்ததாகப் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 0.4 நொடியை நான்கு நொடியாக நீட்டினால், அவரிடம் இல்லாத அவகாசம் இருந்ததாகத் தெரிகிறது.

தலைக்கும் முழங்காலுக்கும் இருக்கும் கண்டிப்பு துளியும் தளரக் கூடாது. எடை விதியில் மட்டும், கையை ஊன்ற முயன்றவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 செப்டம்பரிலேயே பார்த்தோம். மயாமி டால்ஃபின்ஸ் அணியின் வில்லியம் ஹேஸ் ஒரு குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சாய்த்தார். எடை மேலே விழாதபடி விழும்போதே உடலை முறுக்கினார். பாதம் புல்லில் மாட்டிக்கொண்டது. பிரேடிக்கு அறுந்த அதே தசைநார் ஹேஸுக்கும் அறுந்து, அவருடைய சீசன் அன்றோடு முடிந்தது. அவர் அடிபடாமல் காப்பாற்றிய அந்த குவார்ட்டர்பேக், டெரெக் கார்.