எட்டு கேபி பக்கத்தில் ஒரு ஜிபி எழுத்து

பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் ‘மணி’ என்று தருவார், இன்னொருவர் ‘மீனாட்சிசுந்தரம்’ என்று தருவார். டேட்டாபேஸில் அந்தப் புலத்தை நூறு எழுத்துக்கான கேர் (நிலையான நீளம்) வகையாக வைத்தால், மணிக்குப் பின்னால் மிச்சம் முழுக்க வெற்றிடத்தால் நிரப்பப்படும். நீளம் மாறக்கூடிய வார்கேர் வகை அப்படி வீணாக்காது. முதலில் நீளம், அப்புறம் எழுத்துகள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 126 பைட் வரை அந்த நீளக் குறிப்புக்கு 1 பைட் போதும், தாண்டினால் 4. கண்ணை மூடிக்கொண்டு எங்கும் வார்கேருக்கு 255 என்று போடுகிறோமே, அது வெறும் உச்சவரம்பு. 50 என்று போட்டாலும் மணிக்குப் பிடிக்கும் இடம் அதேதான்.

சரி, யாராவது ஒரு முழு நாவலையே உள்ளே போட்டால்? போஸ்ட்கிரெஸ் தரவை 8 கேபி பக்கங்களாகத்தான் வைத்திருக்கும். ஒரு வரிசை, அதாவது அட்டவணையின் ஒரு பதிவு, இரண்டு பக்கங்களில் பரவக் கூடாது. ஆனாலும் ஒரு புலத்தில் ஏறக்குறைய 1 ஜிபி வரை போடலாம். 2001-இல் 7.1 பதிப்போடு வந்த டோஸ்ட் என்ற ஏற்பாடுதான் காரணம்.

வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டியதும் டோஸ்ட் விழித்துக்கொள்ளும். முதலில் நீளமான மதிப்பைச் சுருக்கிப் பார்க்கும். அப்போதும் அடங்கவில்லை என்றால் அதை 2,000 பைட்டுக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக வெட்டி, தனி அட்டவணை ஒன்றில் எத்தனையாவது துண்டு என்ற எண்ணோடு போட்டுவிடும். மூல வரிசையில் அந்த மதிப்பின் இடத்தில் மிஞ்சுவது 18 பைட் முகவரி மட்டுமே. தமிழில் எழுதுபவர்கள் இந்த எல்லையைச் சீக்கிரமே தொடுவார்கள்: எழுத்தைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘மணி’ மட்டுமே 9 பைட்.

இதில் பெரிய லாபம், மூல அட்டவணை ஒல்லியாக இருப்பது. தேதியை வைத்துத் தேடும்போது நாவலை யாரும் தொடுவதில்லை. வேறு புலத்தை மட்டும் திருத்தினாலும் பழைய துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லாப் புலங்களையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் கட்டளையைப் போட்டால்தான் வினை: வேண்டுமோ வேண்டாமோ, அத்தனை துண்டுகளையும் தேடி ஒட்டி, விரித்துக் கொடுக்க வேண்டும்.

நீளமான எழுத்தின் நடுவிலிருந்து அடிக்கடி சில வரிகளை மட்டும் எடுப்பவர்கள் அந்தப் புலத்தின் சேமிப்பு முறையை எக்ஸ்டர்னல் என்று மாற்றிவிடலாம். சுருக்குதல் நின்றுவிடும், வட்டில் இடம் கூடுதலாகப் போகும். ஆனால் தேவையான துண்டுகளை மட்டும் படித்தால் போதும்.