உழாத மண் ஏன் இறுகுவதில்லை?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, இலவம்பாடி ஊர்கள் பக்கம் முள் கத்தரி விளையும் செம்மண்ணை உழுது வெறுமனே போட்டுவிட்டு, இரண்டு கோடைமழை கழித்துப் பாருங்கள். மேலே ஓடு கட்டியிருக்கும். உழவு மண்ணைப் பொலபொலப்பாக்குவது உண்மைதான்; ஆனால் அது வெறும் காற்றிடைவெளி. துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை அதில் இல்லை. மழைத்துளி கட்டியை உடைக்கிறது, கரைந்த களி துளைகளை அடைக்கிறது, வெயில் காயவைத்து இறுக்குகிறது. ஆக, அடுத்த போகத்துக்கும் உழ வேண்டியிருப்பதற்கு முந்தின உழவும் ஒரு காரணம்.

அந்தப் பசையைத் தருபவை பூஞ்சை இழைகள், பாக்டீரியா, மண்புழு எச்சம். புழு வளைகளும் செத்த வேர்கள் விட்டுச்சென்ற குழாய்களும்தான் நீரும் காற்றும் இறங்கும் வழி. கலப்பை இழைகளை அறுக்கிறது, வளைகளை மூடுகிறது. காற்றுப்பட்ட மக்கு (மண்ணில் மக்கிய இலைதழை) நம் ஊர் வெப்பத்தில் வேகமாகக் கரைந்துபோகிறது. இந்த உயிர்களுக்கு மேலிருந்து தீனி போட்டு, வெயில் படாமல் மூடிவைத்தால் உழும் வேலையை அவையே செய்துவிடும்.

உழாமல் பயிரிட, 4 அடி அகலம், 25 அடி நீளத்தில் பாத்தி. நடக்க ஒன்றரை அடி வழி. பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. அடிமண் இறுகியிருந்தால் முதல் முறை மட்டும் அடிக்கு ஒரு குத்தாகக் கடப்பாரையை இறக்கி நெம்புங்கள். மண்ணைப் புரட்ட வேண்டாம். நனைத்துவிட்டு, நன்கு மக்கிய எருவை 2 அங்குலம் பரப்பவும். இந்தப் பாத்திக்கு ஏறக்குறைய 470 லிட்டர், அதாவது சிமென்ட் சாக்கில் 13, 14 மூட்டை பிடிக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பாதி போதும். சொட்டுநீர்க் குழாயை எருவின் மேல் ஓட்டி, அதற்கு மேல் மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த தழை) போடுங்கள். மூடாக்கின் மேல் தெளிக்கும் தண்ணீர் அதை நனைப்பதோடு நின்றுவிடும்.

எரு மக்கிவிட்டதா என்று பார்க்க, ஈரமான ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வர வேண்டும். மூக்கை அரிக்கும் நெடி வந்தால் இன்னும் வேகவில்லை. அரைகுறைச் சாணத்தில் வெண்புழு இருக்கும். அது கத்தரி வேரைத் தின்றுவிடும்.

மூடாக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை. வெட்டு முடிந்ததும் வயலில் கொளுத்தும் கரும்புச் சோகை (காய்ந்த கரும்பு இலை), வைக்கோல், வேர்க்கடலைத் தோல் எல்லாம் ஆகும். 4 அங்குலம் போட்டால் படிந்து 2 அங்குலமாகும். ஆனால் இவற்றை மண்ணில் கலக்கக் கூடாது. காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கு. 100 கிலோ காய்ந்த சோகையில் கார்பன் சுமார் 40 கிலோ, தழைச்சத்து அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தக் கார்பனைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தம் உடம்பைக் கட்ட ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தழைச்சத்து கேட்கும். கலந்துவிட்டால் குறைகிற ஒரு கிலோவை வேரின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே கிடந்தால் இந்த இழுபறி, சோகை மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு முடிந்துவிடும்.

25, 30 நாள் கத்தரி நாற்றை நட மூடாக்கைக் கையால் விலக்கினால் போதும். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை வெறுமையாக விடுங்கள். ஒட்டிக் கிடந்தால் ஐப்பசி மழையில் தண்டு அழுகும், நத்தையும் தங்கும். கீரை, முள்ளங்கியை எருவின் மேல் நேராக விதைத்து, நாற்று விரல் உயரம் வந்தபின் மூடுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் களையை அமுக்க அட்டைப்பெட்டி விரிக்கிறார்கள். செம்மண்ணில் அது கரையானுக்கு வைக்கும் விருந்து! கரையான் பெரும்பாலும் காய்ந்ததைத்தான் தேடும். மூடாக்கு தீர்ந்தபின் அல்லது செடி வாடும்போதுதான் தண்டுக்கு வரும். ஆகவே ஈரம் விடாமல் பாருங்கள், சோகையோடு கிளைரிசிடியா மரத்தின் பச்சைத் தழையைக் கலந்து போடுங்கள். புற்றுள்ள பக்கம் பாத்திக்கு 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கு தூவலாம்.

களைகளில் கோரையும் அருகம்புல்லும் இந்த மூடாக்குக்கு அடங்காது. கோரைக் கிழங்கு சோகையைத் துளைத்து வரும். உழுதால் கிழங்குச் சங்கிலி அறுந்து, துண்டுகள் பாத்தியெங்கும் பரவும். முதல் ஆண்டு முழுக்க வாரம் ஒருமுறை முளையை அறுத்துக்கொண்டே இருந்தால்தான் கிழங்கின் சேமிப்பு தீரும். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது.

காய்ப்பு முடிந்த கத்தரிச் செடியைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். ஒன்றிரண்டைப் பிடுங்கிப் பார்த்து, வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு (வேருக்குள் புகும் நுண்புழு). அந்தப் பாத்தியில் மட்டும் எல்லா வேரையும் எடுத்து எரித்துவிட்டு அடுத்து செண்டுமல்லி (துலுக்கச் சாமந்தி) போடுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வெறும் மண்ணில் நீர் ஆவியாகும்போது உப்பு மேலே தங்கிவிடும். மூடாக்கு ஆவியாவதைக் குறைப்பதால் அந்தப் படிவும் குறையும். உள்ளே இருக்கும் உப்பை அது எடுத்துவிடாது. அதைக் கீழே தள்ள மழைதான் வர வேண்டும், நீர் வடிய வழியும் வேண்டும். தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது; அங்கே கீரை போடுமுன் மண்ணையும் நீரையும் பரிசோதித்துவிடுங்கள்.